தாயத்து முதல் மாத்திரை வரை: மனநோயின் செலவுக் கணக்கு

மனநோய் உள்ள ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்ள ஒரு குடும்பத்துக்கு மாதம் என்ன செலவாகிறது? பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு இதற்கு ஒரு விடை தருகிறது: ஏறத்தாழ 1,000 முதல் 1,500 ரூபாய். அதில் பெரும்பகுதி சிகிச்சைக்கும் பஸ் கட்டணத்துக்கும் போகிறது. ஆண்டுக்கு 12,000 முதல் 18,000 ரூபாய் என்றால், ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டில் அது ஒரு பிள்ளையின் படிப்பு.

ஆனால் இது டாக்டரிடம் போய்ச் சேர்ந்த பிறகான கணக்கு. அதற்கு முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதை எந்த ஆய்வும் முழுதாகக் கூட்டியதில்லை, எந்தக் குடும்பமும் எழுதி வைப்பதில்லை. தூக்கம் கெட்டு, தனக்குத்தானே பேசத் தொடங்கிய மகனைப் பார்த்து “காத்து கருப்பு பட்டிருக்கு” என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்ன நாளில் அது தொடங்குகிறது. மந்திரித்த கயிறு, தாயத்து, எலுமிச்சம்பழம், கோழி, ஜாதகம் பார்க்கக் கொடுத்த தட்சிணை, செய்வினை எடுக்கக் கொடுத்த முன்பணம், ராகு கேது பரிகாரம், வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம், தர்காவில் தங்கல் என்று அது வளர்கிறது. “ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சா சரியாயிடும்” என்று செய்த கல்யாணச் செலவையும் இதில்தான் எழுத வேண்டும். நோயைச் சமூகம் என்னவென்று நினைக்கிறதோ, அந்த நினைப்புக்குத்தான் முதல் ரூபாய் போகிறது.

நாட்டளவில் பார்த்தால், வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஆய்வு நடந்த காலத்தில் ஏதோவொரு மனநலக் கோளாறு இருந்தது. ஏறத்தாழ 15 கோடி இந்தியர்களுக்கு மனநலச் சேவை தேவை. நாடி வருபவர்கள் 3 கோடிக்கும் குறைவு. நோயைப் பொறுத்து 100இல் 70 முதல் 92 பேர் வரை சிகிச்சைக்கு வெளியே நிற்கிறார்கள். நகரத்தில் இருந்தால் நிலை மாறிவிடும் என்று நினைக்க வேண்டாம். மனநல மருத்துவமனை 1794 முதலே இருக்கிற சென்னையில் மனச்சிதைவு நோயாளிகளை வீடு வீடாகத் தேடிய ஓர் ஆய்வு 1998இல் வெளியானது. அவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர், ஒருமுறைகூட சிகிச்சை பெற்றிராதவர்.

இனி ஒரு சிறு கூட்டல். தமிழ்நாட்டில் 2024-25க்கான நூறு நாள் வேலைத் திட்டக் கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய். அதையே அளவுகோலாக வைத்துக்கொள்வோம். நோயாளியும் கூட ஒருவரும் கோயிலில் ஒரு மண்டலம் தங்குகிறார்கள்.

ஒரு மண்டலம் – 48 நாள்
தங்குபவர்கள் – 2 பேர்
இழக்கும் கூலி – 48 × 2 × 319 = ரூ. 30,624

அதே இருவர் மாதம் ஒரு நாள் அரசு மருத்துவமனைக்குப் போய் வருகிறார்கள். மருந்து இலவசம்.

ஆண்டுக்கு – 12 நாள்
போகிறவர்கள் – 2 பேர்
இழக்கும் கூலி – 12 × 2 × 319 = ரூ. 7,656

ஒரு மண்டலம் தங்கினால் போகிற கூலியும், நான்கு ஆண்டுகள் மாதந்தோறும் மருந்து வாங்கப் போய் வந்தால் போகிற கூலியும் ஒன்றே. பஸ் காசும் சாப்பாடும் இதில் சேரவில்லை. இந்த இடத்தில் கணக்கை மூடிவிட்டு, “பார்த்தீர்களா, மூடநம்பிக்கை” என்று முடித்துவிடுவது எளிது. பல கட்டுரைகள் அப்படித்தான் முடிகின்றன. அது நேர்மையான கணக்கு ஆகாது, ஏனென்றால் கோயில் பக்கம் வரவும் இருக்கிறது.

அந்த வரவை அளந்து பார்த்தவர்கள் உண்டு. வேலாயுதம்பாளையம்புதூர் என்ற தமிழ்நாட்டுக் கிராமத்தில் முத்துசுவாமி கோயில் இருக்கிறது. மனநோயாளிகளைக் குடும்பத்தார் அங்கே கூட்டிவந்து தங்க வைப்பார்கள். நிம்ஹான்ஸைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஆர். ரகுராமும் குழுவினரும் 2000ஆம் ஆண்டில் மூன்று மாதம் அங்கே வந்து சேர்ந்த 31 பேரைச் சோதித்தார்கள். அவர்களில் 23 பேருக்கு இருந்தது மனச்சிதைவு. ஏதோ மனக்கவலையில் கோயிலுக்கு வந்தவர்கள் அல்லர். எந்த மருத்துவமனையும் உள்நோயாளியாகச் சேர்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தவர்கள். சராசரியாக 6 வாரம் தங்கினார்கள். அங்கே பேய் ஓட்டுவதில்லை, சாட்டையடி இல்லை. காலையில் சிறு பூசை. பிறகு கோயிலைப் பெருக்குவது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது. சாப்பாடு இலவசம். கூடவே வீட்டிலிருந்து ஒருவர். யாரும் ஏளனமாகப் பார்ப்பதில்லை.

தங்க வந்தபோதும் கிளம்பும்போதும் நோய்க்குறிகளின் தீவிரத்தை அளந்தார்கள். சராசரி மதிப்பெண் 52.9இலிருந்து 42.9 ஆக இறங்கியிருந்தது. ஏறக்குறைய 19 விழுக்காடு குறைவு. மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளில் பதிவாகும் பலனுக்கு இது நெருக்கமானது என்று 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். 31 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை. வீடு திரும்பிய பிறகு அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதை இந்த எண்கள் சொல்லாது. ஆனாலும் ஒன்று தெளிவு: வேலை, வேளைக்குச் சாப்பாடு, கூடவே ஒரு சொந்தம், அடிக்காத கை, இவை நாலும் சேர்ந்தால் அதற்கு ஒரு பலன் உண்டு. நம் அரசு மருத்துவமனை வெளிநோயாளிப் பிரிவில் நெடுநேரம் வரிசையில் நின்று சில நிமிடம் டாக்டரைப் பார்க்கும் குடும்பத்துக்கு இந்த நாலில் எத்தனை கிடைக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கோயிலுக்குப் போகிற குடும்பத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதே நம்பிக்கை வேறு கைகளில் என்ன ஆனது என்பதற்கும் எண் இருக்கிறது: 28.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். ஏர்வாடி தர்காவுக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் வருகிறார்கள். அங்கே அடங்கியிருக்கும் பாதுஷா நாயகம் கனவில் உத்தரவு கொடுத்தால்தான் கிளம்புவது என்று மாதக் கணக்கில், சிலர் வருடக் கணக்கில் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பைச் சுற்றி ஒரு தொழில் வளர்ந்தது. தர்காவின் பெயரைச் சொல்லி, தர்காவுக்குச் சம்பந்தமில்லாத ஆட்கள் காப்பகம் நடத்தினார்கள். ஊருக்குத் திரும்பிப் போன குடும்பங்கள் பணம் அனுப்பின. பணம் வாங்கியவர்கள் பூட்டு வாங்கினார்கள்.

இங்கே சட்டக் கணக்கையும் பார்க்க வேண்டும். உரிமம் இல்லாமல் மனநலக் காப்பகம் நடத்தக் கூடாது என்று சொன்ன மனநலச் சட்டம் இயற்றப்பட்டது 1987இல். நடைமுறைக்கு வந்தது 1993 ஏப்ரலில். தீப்பிடித்தபோது அந்தச் சட்டத்துக்கு எட்டு வயது. அந்தக் காப்பகங்கள் மறைவிடத்தில் இருக்கவில்லை. கடற்கரைக்குப் போகிற எவர் கண்ணிலும் படும் இடத்தில் இருந்தன. தீக்குப் பிறகு சில நாள்களில் எல்லாம் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். எட்டு ஆண்டுகளில் செய்ய முடியாதது சில நாள்களில் முடிந்தது. 28 உயிர்தான் அதற்கான கட்டணம் என்றால், அந்தக் கணக்கில் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் நம்பிக்கைக்காரர்கள் அல்லர்.

சங்கிலி ஏர்வாடிக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. இந்தோனேசியாவில் மனநோயாளிகளைக் கட்டையில் பூட்டி வைக்கும் ‘பாசுங்’ வழக்கம் 1977இலேயே தடை செய்யப்பட்டது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2016இல் வெளியிட்ட அறிக்கைப்படி, வாழ்நாளில் ஒருமுறையாவது அப்படிப் பூட்டப்பட்டவர்கள் 57,000 பேருக்கு மேல். அப்போதும் பூட்டில் இருந்தவர்கள் சுமார் 18,800. பின்னர் அதே அமைப்பு தேடிப் பார்த்ததில் சுமார் 60 நாடுகளில் மனநோயாளிகளைக் கட்டி வைக்கும் வழக்கம் தெரியவந்தது. மதம், மொழி, நிறம் எல்லாம் வேறு வேறு. டாக்டர் எட்டாத தூரத்தில் இருப்பதும், இரவில் ஓடிப்போகிற பிள்ளையைக் காக்க வேறு வழி தெரியாத தாய் இருப்பதும் எல்லா ஊருக்கும் பொது.

படித்தவர்கள் வேறு மாதிரி நினைக்கிறார்கள் என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. லிவ் லவ் லாஃப் அறக்கட்டளை 8 இந்திய நகரங்களில் 3,556 பேரிடம் கேட்டு, 2018இல் முடிவுகளை வெளியிட்டது. மனநோயைப் பற்றித் தெரியும் என்று சொன்னவர்கள் 87 விழுக்காடு. இழிவு தொனிக்கும் சொற்களால் அதைக் குறித்தவர்கள் 71 விழுக்காடு. ஒழுக்கமும் மனவுறுதியும் இல்லாததுதான் முக்கியக் காரணங்களில் ஒன்று என்றவர்கள் 60 விழுக்காடு. நோயாளிகளுக்கு எந்தப் பொறுப்பும் கொடுக்கக் கூடாது என்றவர்கள் 68 விழுக்காடு. ‘தெரியும்’ என்ற 87 விழுக்காட்டுக்குள்தான் இந்த 71உம் 60உம் 68உம் பெரும்பாலும் அடங்கியிருக்கின்றன. தெரிந்திருப்பதும் மதிப்பதும் ஒன்றல்ல.

தமிழர்களும் மலாய்க்காரர்களும் சீனர்களும் சேர்ந்து வாழும் சிங்கப்பூரில் பேய் பிசாசு என்று சொல்கிறவர்கள் குறைவு. மருத்துவமனை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அங்கே மனநலக் கழகம் 3,006 பேரிடம் நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. இரண்டில் ஒருவர், மனநோயைத் தனிமனித பலவீனத்தின் அடையாளமாகப் பார்த்தார். நோயாளி மனம் வைத்தால் தானே குணமாகிவிடலாம் என்று நினைத்தவர்கள் பத்தில் ஒன்பது பேர். பேய் பிடித்தது என்று சொல்லும் கிராமத்தில் குற்றம் பேயின் மேல் விழுகிறது. பலவீனம் என்று சொல்லும் நகரத்தில் அது நோயாளியின் தலையில் விழுகிறது. எது கொடுமை என்று எனக்குச் சந்தேகமே இல்லை. பேய்க்குப் பூசாரியிடமாவது கூட்டிப் போவார்கள். பலவீனம் என்று முத்திரை விழுந்தவன் தன் அறைக்குள்ளேயே கிடப்பான்.

அப்படியானால் “இது மூளையின் நோய்” என்று ஊர் ஊராகச் சொல்லிவிட்டால் போதுமா? அமெரிக்கா அதைச் செய்து பார்த்த நாடு. மனச்சோர்வுக்கு மூளை, நரம்பு சார்ந்த காரணத்தைச் சொன்ன அமெரிக்கர்கள் 1996இல் 54 விழுக்காடு. 2006இல் 67 விழுக்காடு. பத்தாண்டில் 13 புள்ளி உயர்வு, சிகிச்சை தேவை என்ற கருத்தும் கூடியது. ஆனால் அப்படிப்பட்டவர் பக்கத்து வீட்டில் இருக்க வேண்டாம், கூட வேலை செய்ய வேண்டாம், நம் வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்ற விலகல் அந்தப் பத்தாண்டில் குறையவில்லை. அறிவியல் விளக்கம் மருந்துச் சீட்டு வரைக்கும் கொண்டுவந்து விடுகிறது. பந்தியில் பக்கத்தில் உட்கார வைப்பதில்லை.

சமூகம் நோயைப் பார்க்கும் பார்வை நோய்க்குள்ளேயே எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, சென்னையும் பங்கெடுத்த ஓர் ஆய்வு இருக்கிறது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மானுடவியலாளர் டான்யா லூர்மன், சென்னை ஸ்கார்ஃப் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தின் மருத்துவர்களோடும் கானா மருத்துவர்களோடும் சேர்ந்து, குரல் கேட்கும் நோயாளிகளிடம் நீண்ட நேரம் பேசினார். கலிபோர்னியாவின் சான் மத்தேயோவில் 20 பேர், கானாவின் அக்ராவில் 20 பேர், சென்னையில் 20 பேர். முடிவுகள் 2015இல் அச்சேறின.

கலிபோர்னியாவில் 14 பேருக்கு, பிறரையோ தன்னையோ காயப்படுத்தச் சொல்லும் குரல்கள் கேட்டன. 5 பேர் அதைப் போருக்கு அழைக்கும் குரல் என்றே சொன்னார்கள். குரல் தனக்குப் பெரும்பாலும் நல்லதே செய்தது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அக்ராவில் 16 பேருக்குக் கடவுளின் குரல் கேட்டது. 10 பேர் அது பெரும்பாலும் நல்ல அனுபவம் என்று உறுதியாகச் சொன்னார்கள். சென்னையில் 11 பேருக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல், ஏதாவது வேலை ஏவும் குரல். நம் வீடுகளில் பெரியவர்கள் நாள் முழுதும் போடுகிற அதிகாரம்தான் அது. அந்தக் குரல்கள் திட்டவும் செய்தன, துன்பமும் தந்தன; ஆனால் அந்நியர்களின் குரலாக இருக்கவில்லை.

இந்த 60 பேரும் நோயாளிகள்தான். மூன்று ஊரிலும் மருந்து தேவைப்பட்டவர்கள்தான். சென்னைக்காரருக்கு நோய் லேசு என்று யாரும் இதைப் படித்துவிடக் கூடாது. ஆனால் ஸ்கார்ஃப் நிறுவனத்தின் ஆர். தாரா, மனச்சிதைவு முதல்முறை தாக்கிய 90 சென்னை நோயாளிகளை 1980களின் தொடக்கத்திலிருந்து தொடர்ந்து கவனித்தார். பத்தாண்டு கழித்தும் தொடர்பில் இருந்த 76 பேரில் பெரும்பாலோர் நோய்க்குறிகள் தணிந்த நிலையில் இருந்தார்கள். சிகிச்சையோடு குடும்பம் என்ற ஒன்றும் அங்கே இருந்தது.

அதே குடும்பம் கல்யாணம் என்று வரும்போது எதிர்த்திசையில் திரும்புகிறது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் மாத்திரை பீரோவுக்குள் போகிறது. முகூர்த்தத்துக்கு முன் நிறுத்தப்படுகிறது. புகுந்த வீட்டில் ஒளித்துச் சாப்பிட முடியாமல் நின்றுபோன மாத்திரைக்குப் பின்னால், சில மாதங்களில் நோய் திரும்பி வருகிறது. 1955இன் இந்து திருமணச் சட்டம் 13ஆம் பிரிவு, குணமாகாத மனநோயை விவாகரத்துக்கான காரணமாக வைத்திருக்கிறது. ‘மறைத்துக் கட்டி வைத்துவிட்டார்கள்’ என்ற வழக்கில் பெண் வீடு திரும்புகிறாள். நகை, சீர், சாப்பாடு, மண்டபம் என்று கடன் வாங்கிச் செலவழித்த பணம் போகிறது. வக்கீல் செலவு சேர்கிறது. ஆணுக்கு நோய் வந்தால் மனைவி பார்த்துக்கொள்வாள், பெண்ணுக்கு வந்தால் தாய்வீடு பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற வழக்கத்தால், இந்தச் செலவு பெரும்பாலும் பெண்ணைப் பெற்றவர்கள் பக்கமே எழுதப்படுகிறது.

சமூகத்தின் பார்வை அரசாங்கப் பதிவேட்டுக்குள்ளும் நுழைகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் நாடு முழுவதும் 1,70,924 தற்கொலைகள். தமிழ்நாட்டில் 19,834, மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். லட்சம் பேருக்கு நாட்டின் சராசரி 12.4, நம்முடையது 25.9. காரணம் என்ற பத்தியில், நாட்டளவில் ‘குடும்பப் பிரச்சினை’ 31.7 விழுக்காடு, ‘நோய்’ 18.4 விழுக்காடு. அந்த ‘நோய்’க்குள் ஒரு கிளையாகத்தான் மனநோய் வருகிறது. அந்தப் பத்தியை நிரப்புவது, துக்கத்தில் இருக்கும் குடும்பம் காவல் நிலையத்தில் சொல்லும் வாக்குமூலம். தமிழ்ப் பத்திரிகை படிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும், எத்தனை மரணங்கள் ‘தீராத வயிற்றுவலி’ என்று அச்சாகின்றன என்று. வயிற்றுவலிக்கு வெட்கமில்லை. தற்கொலை முயற்சி, இந்திய தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவின்படி ஓராண்டுவரை சிறைக்குரிய குற்றமாக இருந்த காலத்தில், பிழைத்தவரையும் ‘தவறுதலாக நடந்துவிட்டது’ என்று சொல்லித்தான் மருத்துவமனையில் சேர்த்தார்கள். 2017இன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அதன் பல்லைப் பிடுங்கியது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. பதிவேடு இன்னும் திருந்தவில்லை. தப்பான காரணத்தை எழுதினால் தப்பான இடத்துக்குத்தான் பணம் ஒதுக்கப்படும்.

ஒதுக்கப்படும் பணமாவது எவ்வளவு? 2024-25 மத்திய பட்ஜெட்டில் சுகாதார அமைச்சகத்துக்கு ஏறத்தாழ 90,958 கோடி. அதில் மனநலத்துக்கு என்று நேரடியாகப் பெயர் எழுதி ஒதுக்கியது ஏறத்தாழ 1,004 கோடி, 1.1 விழுக்காடு. 140 கோடிப் பேருக்கு வகுத்தால் தலைக்கு ஆண்டுக்கு 7 ரூபாய் சொச்சம். அந்த 1,004 கோடியில் 850 கோடி பெங்களூரு நிம்ஹான்ஸுக்கு. அது நல்ல நிறுவனம், கொடுக்க வேண்டியதுதான். ஆனால் ஏர்வாடிக்கும் வேலாயுதம்பாளையம்புதூருக்கும் வந்து சேர வேண்டியது மாவட்ட மனநலத் திட்டம். அதன்கீழ் ஒரு மாவட்டத்துக்கு ஆண்டுக்கு அதிகபட்சமாக 83.2 லட்சம் ரூபாய். தமிழ்நாட்டின் 2011 மக்கள்தொகையை 38 மாவட்டத்துக்குப் பகிர்ந்தால் மாவட்டத்துக்குச் சராசரி 19 லட்சம் பேர். தலைக்கு ஆண்டுக்கு 4 ரூபாய் 38 காசு. டீக்கடையில் அரை டீக்குக்கூட அது காணாது.

2019இல் வெளியான கணக்கின்படி மனநல மருத்துவர்கள் நாட்டில் சுமார் 9,000 பேர்; லட்சம் பேருக்கு 0.75. குறைந்தது மூன்று பேர் வேண்டும். இருப்பவர்களும் பெரும்பாலும் நகரங்களில். இந்த எண்களை வைத்துக்கொண்டு, ஒரு விவசாயக் கூலியைப் பார்த்து “ஏன் முதலில் டாக்டரிடம் வரவில்லை” என்று கேட்க நமக்கு உரிமை இல்லை.

நம்பிக்கை இருக்கும் இடத்துக்கே மருத்துவத்தைக் கொண்டுபோன ஊர்கள் உண்டு. பெல்ஜியத்தின் கீல் என்ற ஊரில் புனித டிம்ஃப்னாவின் தேவாலயத்துக்கு, குணம் தேடி மனநோயாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். தேவாலயத்தில் இடம் போதாமல் ஊர்க்காரர்கள் அவர்களைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். ஏர்வாடியில் காப்பகம் முளைத்ததும் இதே நெருக்கடியில்தான். ஆனால் கீலில் நோயாளி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார், வயலில் வேலை செய்தார், பிள்ளைகளோடு விளையாடினார். 1850 முதல் அரசு மேற்பார்வையை ஏற்றுக்கொண்டு, வைத்துப் பார்க்கும் குடும்பங்களுக்குப் பணமும் கொடுத்தது. 1938இல் அந்தச் சிற்றூரின் வீடுகளில் இருந்த மனநோயாளிகள் 3,736 பேர். இன்று எண்ணிக்கை சில நூறுக்குள் சுருங்கிவிட்டாலும் ஏற்பாடு நின்றுவிடவில்லை.

ஜிம்பாப்வேயில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான டிக்சன் சிபண்டா, 2006இல் ஹராரேயின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார். சுகாதார நிலையத்துக்கு வெளியே மரத்தடியில் ஒரு மரப் பெஞ்சு. பாட்டி ஒருபக்கம், வந்தவர் மறுபக்கம். ஷோனா மொழியில் 14 கேள்விகள். அங்கே மனச்சோர்வை ‘அதிகமாக யோசிக்கிற நோய்’ என்பார்கள். பாட்டிகள் அந்தப் பெயரை மாற்றச் சொல்லவில்லை, அதை வைத்தே பேச்சைத் தொடங்கினார்கள். ஆறு அமர்வு. 24 சுகாதார நிலையங்களில் 573 பேரை வைத்துச் செய்த சோதனை 2016இல் வெளியானது. ஆறு மாதம் கழித்து, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 49.9 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு நீடித்தது. பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் 13.7 விழுக்காட்டினருக்கு. ஒரு பெஞ்சுக்கும் பாட்டிக்கும் ஆகும் செலவை எந்த மாவட்டத்தாலும் தாங்க முடியும்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. குஜராத்தின் உனாவா மீரா தாதார் தர்காவில் 2008இல் ‘தவா–துவா’ தொடங்கியது: மருந்தும் பிரார்த்தனையும். தர்காப் பணியாளரான முஜாவர் பிரார்த்தனை முடித்து, “பக்கத்து அறையில் டாக்டரையும் பார்த்துவிட்டுப் போங்கள்” என்று அனுப்புவார். பின்னாளில் ஏர்வாடியிலும் தமிழக அரசு அதே முறையில் மருத்துவரை அமர்த்தியது. 28 பேர் கருகிய மண்ணில், அவர்களை அங்கே கூட்டிவந்த நம்பிக்கையை விரட்டாமலே இதைச் செய்ய முடிந்தது. குணசீலம் பெருமாள் கோயிலில் மண்டலம் தங்குபவர்களுக்கும் உரிமம் பெற்ற மறுவாழ்வு மையம் இருக்கிறது. இந்த இரண்டோடு நிற்காமல், மக்கள் மனநோயாளிகளைக் கூட்டிப்போகும் ஒவ்வொரு கோயில், தர்கா, ஜெபவீட்டு வாசலிலும் வாரம் ஒருநாள் ஒரு மருத்துவரும் இலவச மருந்தும் இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. 83.2 லட்சத்தை முழுதாகச் செலவழித்தாலே இதில் பாதி நடக்கும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017இன் சட்டம் 95ஆம் பிரிவில் சொல்கிறது. கட்டி வைத்திருப்பதைப் பார்த்தால் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். 14416 என்பது அரசின் டெலி மானஸ் எண். 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். இந்த ஐந்து இலக்கத்தை உங்கள் ஊர்க் கோயில் சுவரிலும் தர்கா வாசலிலும் ஜெபவீட்டுக் கதவிலும் பூசாரி, ஹஜ்ரத், பாஸ்டர் அனுமதியோடு பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.